சாடியில் வளரும் உயிர்

சிவமயம்



சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுள் முதற்படியாகிய சரியையை எளிதென்று எண்ணி விரைந்து கடந்துசெல்ல விரும்புவோர் நம்முட் பலர். திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், திருவிளக்கேற்றுதல், நந்தவனம் வைத்தல், பூக்கொய்து மாலை தொடுத்தல் என்பன கல்லாதார்க்கு உரியன என்றும், கற்றார்க்கு உரியது தத்துவ விசாரமே என்றும் ஒரு கருத்து எவ்வாறோ நம்மிடையே புகுந்துவிட்டது. இக்கருத்தை நூற்பிரமாணங் கொண்டு மறுத்தல் இன்று நம் நோக்கமன்று. விறாந்தைப் படியோரத்தில் இருக்கும் ஒரு பூச்சாடியைக் கொண்டே சிறிது பேசக் கருதினோம்.

இதற்கு ஏதுவாயது ஓர் அன்பர் எழுப்பிய வினா. அவர் கூறியது வருமாறு: "மரமுஞ் செடியும் உயிரென்று நம் நூல்கள் கூறுகின்றன. நிலத்தில் நின்று வேரோடி வேண்டியவாறு வளரவேண்டிய ஓருயிரை ஒரு சாண் அகலச் சாடியுள் அடைத்து, வீட்டினுள்ளே வைத்து அழகு பார்த்தல், கிளியைக் கூட்டில் அடைப்பது போன்ற கொடுமையன்றோ? சைவராகிய ஐயாவும் அதனைச் செய்யலாமோ?" இவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. சாடியிற் செடி வளர்ப்போர் அனைவரும் ஒருமுறையேனுந் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்கது.

செடி உயிரென்பதில் நமக்கு ஐயமில்லை. 84 இலட்சம் யோனிபேதங்களுள்ளே தாவரத்துக்கு 20 இலட்சம் வகுத்தனர் நம் முன்னோர். தேவர், மனிதர், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன என்னும் ஏனை ஆறனுள் எதற்கும் அத்துணைப் பெருந்தொகை கூறப்படவில்லை. தொல்காப்பியர் மரபியலிலே புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு கொடுத்து, அவ்வறிவு தொட்டறியும் ஊறுணர்வே என வகுத்தார். வங்கநாட்டு விஞ்ஞானியாகிய ஜகதீச சந்திர போஸ் (1858–1937) செடிகள் தூண்டுதலுக்கு மறுமொழி தருதலை நுண்கருவிகளால் அளந்து, 1901-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் அறிஞர் முன்னிலையிற் காட்டினார். செடி நம்மைப்போல் நோவை உணருமென்று இக்கால அறிவியல் துணிந்து கூறவில்லை என்பதும் உண்மையே. எனினும் ஒளியையும் நீரையும் தீண்டலையும் அஃது அறிந்து அதற்கேற்ப ஒழுகுகின்றது என்பதை இன்று மறுப்பார் இலர்.

ஆயின் நிலத்துச் செடிக்கும் சாடிச் செடிக்கும் உள்ள வேறுபாடு யாது? நம் யாழ்ப்பாணத்திலே செம்மண்ணின் கீழ்ப் பரந்து கிடப்பது சுண்ணக்கல். ஆறு இல்லை. மாரியிற் பெய்த மழை அக்கல்லின் வெடிப்புக்களில் இறங்கித் தங்குகின்றது. அதனை நாம் கிணறு வெட்டி அள்ளுகின்றோம். வேம்பும் பனையும் கிணறு வெட்டாமலே அள்ளுகின்றன. நாம் ஒருகிழமை நீர் வார்க்க மறந்தாலும் கோடியில் நிற்கும் செவ்வரத்தை தன் வேரைச் சற்று ஆழச் செலுத்தித் தன் பசியைத் தானே தணித்துக்கொள்ளும். சாடியிலுள்ள செடிக்கோ கீழே செல்ல இடமில்லை. பக்கத்தே செல்லவும் இடமில்லை. கூரையின் கீழ் இருப்பதாயின் மழையும் இல்லை. அதற்கு வானமும் நாமே, கிணறும் நாமே.

அச்செடி நாள்தோறும் எவ்வளவு நீரை இழக்கின்றது என்பதை முதன்முதல் நிறுத்து அறிந்தவர் ஒரு கிறிஸ்தவ குருவாவர். இலண்டனை அடுத்த தெடிங்ரன் என்னும் ஊரிலே திருச்சபைப் பணி புரிந்த ஸ்தேவன் ஹேல்ஸ் என்பவர், மூன்றரை அடி உயரமான சூரியகாந்திச் செடி ஒன்றைச் சாடியோடு எடுத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி சாடியின் வாயை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் தராசிலிட்டு நிறுத்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் அச்செடி சராசரி ஒரு இறாத்தலும் நான்கு அவுன்சும் நீரை இலைவழியே வெளிவிட்டது எனக் கண்டு, 1727-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். அடியேன் இளமையிற் கற்றது மிஷன் பாடசாலை ஒன்றிலாதலின் இவ்வரலாற்றை அங்கேயே கேட்டேன். அதனைக் கற்பித்த ஆசிரியர், ஒரு குருவானவர் செடியை நிறுப்பதற்காகக் காலையில் எழுந்ததும் வழிபாடே என்று கூறியதை இன்றும் மறந்திலேன். சமயம் வேறாயினும் நல்ல சொல் நல்ல சொல்லே. அக்குருவின் நாடு குளிர்நாடு என்பதையும் ஈண்டு நினைக்க. ஆனி ஆடியிலே நம்மூரிற் சோளகக் காற்று வீசும்போது, காலையில் நனைத்த சாடி மாலைக்குள் சுண்ணாம்புபோல் உலர்வதை நாம் காண்கின்றோம்.

இவ்வேறுபாட்டை நம் மக்கள் நூலிற் படித்து அறியவேண்டியதில்லை. 1995-ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஓரிரவிலே வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலும் பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு சித்திரைக்குப்பின் திரும்பிவந்தோர் பலர் தத்தம் வளவுகளிற் கண்டது ஒரே காட்சி. கூரை போயிருந்த வீட்டினருகே செவ்வரத்தை பூத்து நின்றது. வேலியோரத்து நந்தியாவட்டை ஆளுயரம் வளர்ந்து நின்றது. கிணற்றடி வாழை ஈன்று, குலை பழுத்து, அணில் தின்று முடிந்திருந்தது. விறாந்தையில் வரிசையாக வைத்துச் சென்ற சாடிகளிலோ உலர்ந்த குச்சிகளே இருந்தன. அவ்வாண்டு மாரி பொய்க்கவில்லை. கூரை நின்ற விறாந்தையில் மழை புகவில்லை, அவ்வளவே. உயிர்தப்ப ஓடினோர்மேல் யார் குற்றஞ் சுமத்துவார்? குற்றங்காண்பதற்காக இதனைக் கூறினோமல்லோம். சாடியிலுள்ளது எவ்வளவு முழுமையாக நம்மையே பற்றி நிற்கின்றது என்பதைக் காட்டவே கூறினோம்.

ஆகவே அன்பர் வினாவுக்கு விடை யாதெனின், சாடியில் வைத்தலாற் செடியின் உரிமையை நாம் எடுத்துக்கொள்கின்றோம் என்பது மெய்யே. எடுத்துக்கொண்ட அளவுக்குக் கடன்பட்டவராகின்றோம். அக்கடனை நாள்தோறும் இறுப்பவன் தொண்டன், இறுக்காதவன் சிறைகாப்பவன். கூட்டிலடைத்த கிளி கதவு திறந்தாற் பறந்துபோம். செடியோ நாம் கைவிட்ட அன்றே ஓடிப்போக வழியற்று, இருந்த இடத்திலேயே வாடும். ஆதலாற் செடி வளர்ப்போனுடைய கடன் கிளி வளர்ப்போனுடைய கடனினும் பெரிது. கடையிற் புதிது வாங்கி, விருந்தினர் வருங்காலத்து முன்னறையில் வைத்து, வாடியபின் குப்பையிலெறிந்து மற்றொன்று வாங்குவாரை நோக்கியே அன்பருடைய வினா எழுந்ததாயின் அதற்கு நாமும் உடன்படுவோம்.

சாடிச் செடியை வழிவழியாகத் தாங்கிய கதை ஒன்று நம் தீவிலேயே உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே சங்கமித்தை அசோகன் நாட்டிலிருந்து வெள்ளரசங் கிளையொன்றைப் பொற்கலத்தில் நட்டுக் கப்பலிற் கொண்டுவந்தார் என மகாவம்சம் கூறுகின்றது. அக்கலம் கரையிறங்கிய சம்புகோளத்துறை நம் வடகரையிலுள்ளது. அநுராதபுரத்தில் நட்ட அம்மரம் இன்றும் இலைவிடுகின்றது. கடல்நடுவே அக்கலத்துக்கு நன்னீர் வார்த்தவர் தம் குடிநீரிலிருந்தே வார்த்திருத்தல் வேண்டும். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நீர் வார்ப்பவர் பெயர் எந்நாட்டிலும் எழுதப்படுவதில்லை போலும்.

இனி நீர் வார்க்கும் முறையைக் கூறுவோம். இங்கேதான் அன்பர்கள் உற்றுக் கேட்டல் வேண்டும். சாடிச் செடிகளுட் பெரும்பாலன நீரின்மையால் இறப்பதில்லை, நீர்மிகுதியாலேயே இறக்கின்றன. கேட்போர்க்கு இது வியப்பாகத் தோன்றும். வேரும் மூச்சு விடுகின்றது. மண்துகள்களின் இடையிலுள்ள காற்றே அதற்கு உயிர். அவ்விடைவெளி முழுவதும் நீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. நீரை உறிஞ்சாத செடியின் இலை வாடித் தொங்கும். வாடிய இலையைக் கண்ட வீட்டார், "ஐயோ, தாகம்!" என்று மேலும் ஒரு செம்பு நீரை வார்ப்பர். அன்பினாலே வார்க்கின்றனர், அன்பினாலே கொல்லுகின்றனர். காலையும் மாலையும் தவறாது நீர் வார்த்தேனே, என் குரோட்டன் பட்டுப்போயிற்றே என்று அழாக்குறையாகச் சொல்லும் தாய்மாரை ஊர்தோறுங் காண்கின்றோம். அவர்கள் அன்பிற் குறைவில்லை. அன்பு தன் மனநிறைவை நோக்கிற்று. செடியின் வேரை நோக்கவில்லை.

நம் பிள்ளைகளை வளர்ப்பதிலும் இதுவே நிகழ்கின்றது என்று சொல்லத் தொடங்கினால் பிரசங்கம் வேறுவழிப் போம். அதனை நிறுத்திக்கொள்வோம். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவனுக்கு அவ்வழி மிகவும் இழுக்கும் வழி.

செய்யத்தக்கது யாதெனின், சாடியின் மண்ணில் ஒருவிரலை இரண்டு கணுவளவு அழுத்திப் பார்த்தல். ஈரம் விரலிற் பட்டால் நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், கீழ்த்துளை வழியே வடியும்வரை நிறைய வார்த்துப் பின் விட்டுவிடுதல் வேண்டும். நாள்தோறும் கையளவு தெளித்தலாற் பயனில்லை. மேல்மண் நனையும், அடிவேர் காயும். சாடியின் அடியில் துளை இன்றியமையாதது. மண் அதனை அடைக்காவண்ணம் உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தபின்னரே மண்ணிடுக. சுட்ட மண்சாடி தன் பக்கங்களாலும் மூச்சுவிடும். பிளாஸ்டிக் சாடி விடாது. ஆதலின் ஒரேநாளில் இரண்டுக்கும் ஒரேயளவு நீர் வார்த்தல் பொருந்தாது. தனிச் செம்மண் சாடியில் இறுகிக் கல்லாகும். செம்மண், நன்கு உக்கிய மாட்டெரு, தும்புத்தூள் அல்லது மணல் ஆகிய மூன்றையுங் கலந்தால் இளகிநிற்கும். பச்சை எரு வேரைச் சுடும். நம் கிணற்றுநீர் சுண்ணங் கலந்ததாதலின் நாளடைவிற் சாடியின் விளிம்பிலும் மண்மேலும் வெள்ளை படியும். மாரிக்காலத்திற் சாடிகளை முற்றத்திற்கு எடுத்து இரண்டு மூன்று மழை நன்றாகப் பெய்யவிட்டால் அது கழுவுண்டு போம்.

இவ்வாறு விரலிட்டுப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரஞ் செல்லும்? ஒரு சாடிக்கு அரை நிமிடமுஞ் செல்லாது. ஆயினும் அவ்வரை நிமிடத்தில் நாம் செய்வது யாது? நம் விருப்பத்தை ஒருபுறம் வைத்து, வாய்பேசாத மற்றோருயிர்க்கு இன்று வேண்டுவது யாதென அதனிடமே கேட்கின்றோம். தாசமார்க்கம் என்று நம் பெரியோர் கூறியதன் உட்கிடை இதுவே என்பது அடியேன் துணிபு. ஆண்டவனுக்குத் தொண்டு செய்வோனும் தனக்கு உவப்பானதைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. அங்கே வேண்டுவதைக் கேட்டறிந்து செய்கின்றான். அப்பர் சுவாமிகள் கையிலேந்தியது உழவாரம். கோயில் வீதியில் முளைத்த புல்லைச் செதுக்குவதே அங்கு வேண்டியதாயிருந்தது, அதனைச் செய்தார்கள். பாமாலை பாடவல்ல பெருமானார் புல்லைச் செதுக்கத் தமக்கு நேரமில்லை என்று கூறினாரல்லர்.

செடி வளர்ப்போன் உள்ளத்திலே மெல்லப் புகும் பகைவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் செருக்கு. "யான் எருவிட்டு வளர்த்தேன்" என்பான். இவ்வெண்ணத்துக்கு மருந்தாக ஒரு பரிசோதனையைக் கேளுங்கள். பிரசெல்சு நகரத்தவராகிய வான் ஹெல்மொன்ற் என்னும் வைத்தியர் 200 இறாத்தல் உலர்மண்ணைச் சாடியிலிட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அதில் நட்டு, ஐந்தாண்டு மழைநீரும் வடித்தநீருமே வார்த்துவந்தார். ஐந்தாண்டின்பின் மரத்தை எடுத்து நிறுத்தபோது 169 இறாத்தலும் மூன்று அவுன்சுமாயிற்று. மண்ணை உலர்த்தி நிறுத்தபோது குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்சே. அவர் இறந்தபின், 1648-இல் இது நூலில் வெளிவந்தது. மரமானது முற்றும் நீரினாலாயது என்று அவர் முடிவுசெய்தார். அம்முடிவு முழுவதும் சரியன்று. 1779-இல் இங்கன்ஹூஸ் என்னும் ஒல்லாந்து வைத்தியர் சூரிய ஒளியிலேயே செடியின் பச்சைப் பாகங்கள் காற்றைத் தூய்மை செய்தலைக் காட்டினார். பின்வந்தோர், காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர்வழிவந்த நீரையும் ஒளியின் துணையால் இணைத்து இலை தன் உடலை ஆக்குகின்றது என்று தெளிந்தனர்.

ஆகவே நாம் சுமந்துவந்த எருவினின்று செடி எடுத்துக்கொண்டது உப்பளவே. அதன் உடலின் பெரும்பகுதி காற்றும் நீரும். இரண்டையும் இணைத்தது ஒளி. அவ்வொளி நம்முடையதன்று. அசையாது நிற்குஞ் சூரியன் முன்னிலையிலே ஒரு தாமரை மலரவும், ஒன்று மலரும் பக்குவமடையவும், ஒன்று வாடவும் காண்கின்றோம் என்று இறைவன் திருவருளுக்குச் சித்தாந்த நூலார் உவமை கூறுவர். நாம் செய்யத்தக்கது அவ்வொளி படுமிடத்திற் சாடியை வைத்தலே. அதனைச் செய்யாதார் பலர். வீட்டின் நடுவறை நம் கண்ணுக்கு வெளிச்சமாகவே தோன்றும். கண் இருளுக்கு இணங்கிப்போவதால் வந்த மயக்கம் அது. யன்னலிலிருந்து நாலைந்து முழம் உள்ளே தள்ளினால் ஒளி பலமடங்கு குறைந்துவிடுகின்றது. அங்கே வைத்த செடி வெளிறி, கணுக்கள் நீண்டு, யன்னற்பக்கஞ் சாய்ந்து மெலியும். அது நோயன்று, தேடுதல். கிழமைக்கு ஒருமுறை சாடியைக் காற்சுற்றுத் திருப்பிவைத்தால் நேராக வளரும். செம்புழுதி படிந்த இலைகளை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தலும் வேண்டும். புழுதியும் ஒளியை மறைக்கும் மலமே.

கத்தரித்தலைப்பற்றியும் வினா வருவதுண்டு. உயிரென்று சொல்லி அதன் கிளையை வெட்டலாமோ எனின், அறக்கருணை மறக்கருணை என இருவகைக் கருணை நம் சமயத்திற் பேசப்படும். பட்ட கொம்பையும் நோய்பிடித்த தளிரையும் அகற்றாவிடிற் செடி முழுவதும் கெடும். நுனியைக் கிள்ளினாற் பக்கக்கிளைகள் விடும். ஆண்டுக்கொருமுறை சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர்கள் சாடியின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். அவ்வேரைச் சிறிது கழித்து, புதுமண்ணிட்டு, ஒருவிரல் பெரிய சாடிக்கு மாற்றுக. மாரிக்கு முன்னாகிய புரட்டாசி இதற்கு ஏற்ற காலம். கத்தி கூரியதாயும் தூயதாயும் இருத்தல் வேண்டும். கையில் எரிச்சலிருக்கும்போது கத்தியை எடாதிருத்தல் நன்று.

எச்செடியை வைப்பது? தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தூரியம் நிழலும் ஈரக்காற்றும் விரும்புவது. கண்டியிற் செழிப்பதுபோல் வலிகாமத்திற் செழிக்காது. வைக்க விரும்புவோர் பொச்சுமட்டைத் துண்டுகளில் நட்டு, சோளகம் படாத மூலையில் வைப்பாராக. அதன் புதிய இலை வெற்றிலைச் சுருள்போற் சுருண்டுவந்து ஒருநாட் காலையில் விரிந்துநிற்பதைக் காணும் மகிழ்ச்சிக்காக அவ்வருத்தத்தைப் படலாம். கொழும்புக் கடைகளில் விலைகொடுத்து வாங்கும் ஆபிரிக்க நாட்டுச் செடி ஒன்று, வாள்போல நிமிர்ந்த தடித்த இலைகளையுடையது. அதன் உறவினமாகிய மருள் நம் பற்றைக்காடுகளிலே விலையின்றிக் கிடக்கின்றது. நார்க்காகவே அதனை அறிந்தோம், சாடியில் வைத்துப் பார்த்தாரில்லை. அதற்கு வெயிற்காலத்திலும் பத்துநாளைக்கு ஒருமுறை நீர் போதும். வேலைக்குச் செல்வோர்க்கும் முதியோர்க்கும் அதனினும் ஏற்ற செடி வேறில்லை.

ஆயினும் சைவர் வீட்டிலே ஒரு சாடியாவது பூசைக்கு உரியதாயிருத்தல் வேண்டும் என்பது அடியேன் வேண்டுகோள். நந்தியாவட்டை, செவ்வரத்தை, மல்லிகை, துளசி ஆகியன சாடியில் நன்றாக வளரும். வில்வமும் சில ஆண்டுகள் வளரும்; முள்ளுக்கு அஞ்சவேண்டாம். இவற்றுக்கு நேரிய வெயில் வேண்டுமாதலின் முன்வாசற்படி, மாடி முகப்பு என்பன தக்க இடங்கள். கொழும்பு வெள்ளவத்தையிலே தொடர்மாடியில் மண்ணே காணாது வாழும் நம்மவர்க்கு இதனைச் சிறப்பாகச் சொல்லுகின்றோம். கடையில் நாரிற் கட்டிய மாலை கிடைக்கின்றதே எனின், பூவைப்பற்றிய விதிகளை எண்ணிப்பாருங்கள். நாவலரவர்கள் சைவவினாவிடையிலே பத்திரபுட்ப விதியை வகுத்துள்ளார்கள். உதிர்ந்த பூ, பழம்பூ, முகர்ந்த பூ, புழுவரித்த பூ, மொட்டு என்பன ஆகாவென்பது மரபு. கடையில் வாங்கிய பூவை யார் முகர்ந்தார், எப்போது பறித்தார் என யார் அறிவார்? தன் சாடியிற் பூத்ததைத் தானே பறிப்போனுக்கே இவையெல்லாம் தெரியும். அவ்விதிகள் யாவும் வளர்ப்போனை நினைந்தே எழுந்தவை போலும். வில்வம் பறிக்கலாகாத நாட்கள் என்று சிலவற்றை விலக்கியிருப்பதும் மரத்துக்கு ஓய்வு கொடுத்தவாறாயிற்று.

திருப்புகலூரிலே முருகநாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவையும் வெவ்வேறு கூடையிற் கொய்து, அவ்வவற்றுக்கேற்ற மாலைகளாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்திவந்தார். அவர் செய்த தொண்டு அதுவே. வேறு அற்புதம் எதுவும் அவர்மேற் கூறப்படவில்லை. அதனாலேயே அறுபத்துமூவருள் ஒருவராய், சம்பந்தமூர்த்தி சுவாமிகளுக்கும் அப்பர் சுவாமிகளுக்கும் நண்பராயினார். மறுபுறத்தே தாயுமான சுவாமிகள் மலரினுள்ளும் இறைவனையே கண்டு பறிக்க மனமொருப்படாது நின்றார்கள். இவ்விருவரும் முரண்பட்டவராகச் சிலர்க்குத் தோன்றலாம். சாடியில் ஒரு நந்தியாவட்டையை ஓராண்டு வளர்த்து, அது முதன்முதற் பூத்த காலையிலே கையை நீட்டி நின்றவர்க்கு அவ்வாறு தோன்றாது. பறிக்கவும் ஆசை, பறியாதிருக்கவும் ஆசை. அவ்விரண்டும் ஒரே அன்பின் இரு கைகள். விலைகொடுத்து வாங்கிய பூவிடத்து இந்தத் தயக்கம் பிறப்பதேயில்லை.

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலுமிருக்க, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் இன்று நம் ஊர்களிற் பலர். காலையில் எழுந்தவுடன் தம்மை எதிர்பார்த்திருக்கும் உயிர் ஒன்று வீட்டில் உண்டு என்பது அவர்களுக்கு எவ்வளவு துணையென்பதை அருகிருந்து கண்டோம். தொலைபேசியிற் பேசும் பேரப்பிள்ளைக்குச் சொல்ல அவர்களிடம் ஒரு செய்தியும் இருக்கின்றது: "அப்பு, இன்றைக்குப் பூத்திருக்குது."

தொண்டு பிறர்க்குத் தீங்காய் முடிதல் ஆகாது. சாடியின் கீழே வைக்குந் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017-ஆம் ஆண்டிலே நம் தீவில் 186,000-க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலென ஐயுறப்பட்டுப் பதிவுசெய்யப்பட்டனர். தட்டிலுள்ள நீரை அன்றன்றே கொட்டுக. அல்லது தட்டில் மணலை நிரப்பிச் சாடியை அதன்மேல் வைக்க. சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்கும்வரை காத்திராதொழிக. தண்டிலே மாவு தூவியதுபோல் ஒட்டும் பூச்சியை முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பார்க்க. அடங்காவிடில் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரிற் கலந்து தெளிக்க. செயற்கை உரத்தை அள்ளி இடாதீர்கள். சாடியிலும் வளவிலும் மிகுந்தது மழையோடு சுண்ணக்கல்லில் இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்துசேரும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் அங்கேயே தங்கிவிடுவோரும், கதிர்காம யாத்திரை செல்வோரும் சாடிகளுக்கு வழிசெய்துவிட்டுப் புறப்படுக. அனைத்தையும் மாமரநிழலில் ஒருங்கே சேர்த்து வைத்தால் ஒன்றன் ஈரம் மற்றொன்றைக் காக்கும். நீர்நிறைந்த வாளியிலிருந்து பருத்தித்திரி ஒன்றைச் சாடிமண்ணிற் புதைத்துவைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேலாயின் அயல்வீட்டாரை வேண்டுக. வேண்டும்போது, விரலிட்டுப் பார்த்து வார்க்கும்படி சொல்ல மறவற்க; அயலார் அன்பும் செம்பு செம்பாகவே வரும். திரும்பிவந்து அவர்களுக்கு நன்றியாகக் கொடுக்கத்தக்கது நந்தியாவட்டைக் கொம்பு ஒன்று. பென்சிற் பருமனான கொம்பைக் கணுவின்கீழ்ச் சாய்வாக வெட்டி, கீழிலைகளைக் கழித்து, ஐப்பசி மழை தொடங்கியதும் ஈரமணலில் ஊன்றினாற் சில கிழமைகளில் வேர்விடும்.